உட்கார ஒரு ஸ்டூல் – வேலை செய்யும் இடத்தில் நியாயம்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சந்தா, உள்கடன் பாக்கி, வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துத் தீர்மான நோட்டில் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு ஊக்குநர் எழுந்து, "ஒரு விசயம் கேக்கணும். குழு விசயம் இல்ல, வீட்டு விசயம்" என்றார்.

அவருடைய மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு டவுனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வருவாள். உள்ளே உட்காரக் கூடாது. கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்து நின்றால் கேமராவில் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்களாம்.

"ராத்திரி வந்து கால நீட்டுச்சின்னா ரெண்டு காலும் வீங்கிக் கெடக்குது. வெந்நீர்ல உப்பு போட்டு ஊத்துறேன். விடிஞ்சா திரும்பவும் ஓடுது. கேட்டா, 'உக்காந்த பொண்ணு வியாபாரம் பண்ண மாட்டா'ன்னு மேனேஜர் சொல்றாராம். இதுக்கெல்லாம் சட்டம் ஒண்ணும் இல்லியா?"

கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. மடல் தயாரிக்கிற எங்களுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முன்பு இப்படி ஒரு கடையில் மூன்று வருடம் நின்ற உறுப்பினர் ஒருவர், "நாங்க தண்ணியே குடிக்க மாட்டோங்க்கா. குடிச்சா பாத்ரூம் போவணும். போனா எத்தினி நிமிசம்னு எழுதுவாங்க" என்றார். மூத்திரக் கடுப்பு வந்து ஜிப்மருக்கு நடந்த கதையையும் சொன்னார். அதனால் இந்த மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

முதலில் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில். சட்டம் இருக்கிறது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. அதில் 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் 22-அ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்காருவதற்கு வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை வரக் கூடாது என்பது அதன் பொருள். சின்னக் கடை, பெரிய கடை என்ற வித்தியாசம் கிடையாது. ஆண், பெண் வித்தியாசமும் கிடையாது.

இதே சட்டத்தில் பழைய விதிகளும் உள்ளன. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அதற்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஒன்பதரையிலிருந்து ஒன்பது வரை எத்தனை மணி நேரம் என்று நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் இடிக்கிறது.

இந்த ஸ்டூல் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. நமக்கு முன்னால் கேரளாவில் வந்தது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு பெரிய கடைவீதி. அங்கே விஜி என்று ஒரு தையல்காரப் பெண். கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கழிப்பறை கூட இல்லை என்பதுதான் அவரும் மற்றப் பெண்களும் முதலில் எடுத்த பிரச்சினை. கடைக்காரப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்த கதை நம் உறுப்பினர் சொன்ன அதே கதை. "பெண்கூட்டு" என்று சங்கமாகச் சேர்ந்தார்கள். பெரிய தலைவர்கள் யாரும் முதலில் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. கழிப்பறைக்குப் பிறகு உட்காரும் உரிமைக்கு வந்தார்கள். திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையில், சங்கம் சேர்ந்ததற்காகப் பெண்களை வேறு ஊருக்கு மாற்றியபோது, ஆறு பெண்கள் 2014 டிசம்பர் கடைசியில் கடைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். உள்ளே உட்கார விடாததால் வெளியே உட்கார்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருடம் கழித்து நமக்கும் வந்தது.

சட்டம் வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. ஸ்டூல் வாங்கிப் போட்ட கடைகள் உண்டு. ஸ்டூலைப் போட்டுவிட்டு அதன்மேல் ஜாக்கெட் துணியை அடுக்கி வைத்த கடையும் உண்டு. நம் உறுப்பினர் மகள் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னது இது.

இப்போது அந்த மேனேஜர் பேச்சுக்கு வருவோம். "உக்காந்த பொண்ணு வியாபாரம் பண்ண மாட்டா." அவர் ஏன் அப்படிச் சொல்கிறார்? கெட்ட மனுசன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவருக்கும் மேலே முதலாளி இருக்கிறார். மாதம் இவ்வளவு ஓட்டம் காட்டு என்று அவர் கழுத்தைப் பிடிக்கிறார். அந்த எண் ஒன்றுதான் அவர் நோட்டில் ஏறுகிறது. கால் வீக்கம் எந்த நோட்டிலும் ஏறாது. நோட்டில் ஏறாத செலவை யாரும் செலவாகப் பார்க்க மாட்டார்கள். நமக்குக் கணக்கு எழுதத் தெரியுமே, அதனால் இதை நம்மால் புரிந்துகொள்ள முடியும்.

அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? வெந்நீர் வைக்கிற அம்மா கட்டுகிறார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற அப்பா கட்டுகிறார். கடைசியில் முதலாளியும் ஒரு பங்கு கட்டத்தான் செய்கிறார். ஆனால் அவருக்கு அது தெரிவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெண்கள் நின்றுவிடுகிறார்கள். புதுப் பெண்ணுக்கு எந்த அலமாரியில் எந்த ரகம், எந்தப் புடவைக்கு எந்த ஜாக்கெட் என்று பழக மாதக்கணக்கு ஆகிறது. அதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். லாபம் ஒன்றையே பார்க்கிறவர் லாபத்தையும் முழுசாகப் பார்ப்பதில்லை என்பது எங்கள் எண்ணம்.

கடையை விடப் பெரிய இடங்களில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. கொஞ்சம் கனமான விசயம், பொறுமையாகப் படியுங்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்று ஒரு ஆடைத் தொழிற்சாலை. ஈஸ்ட்மேன் என்ற ஏற்றுமதி நிறுவனத்துடையது. வெளிநாட்டில் பெயர்போன கம்பெனிகளுக்குத் துணி தைத்து அனுப்புகிற இடம். 2021 ஜனவரியில் அங்கே வேலை செய்த ஒரு இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதற்குப் பிறகுதான் உள்ளே வேலை செய்த மற்றப் பெண்களும் வாய் திறந்தார்கள். கெட்ட வார்த்தை, சீண்டல், "டார்கெட் முடிக்கலன்னா" என்ற மிரட்டல் எல்லாம் வெளியே வந்தது.

ஆடைத் தொழிற்சாலையில் டார்கெட் எப்படி வேலை செய்கிறது என்று அங்கே போய் வந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு சட்டைக்கு விலையைக் குறைக்கும், தேதியையும் நெருக்கும். தொழிற்சாலை ஒத்துக்கொள்ளும். புரொடக்சன் மேனேஜர் அதை மணிக்கு இத்தனை பீஸ் என்று லைனுக்குப் பிரிப்பார். லைன் சூப்பர்வைசர் பெண்களின் தலைமேல் நிற்பார். மேலே விலை குறைகிற அளவுக்குக் கீழே சத்தம் கூடும். அந்தச் சத்தத்தில் கையும் நீளும். டைலர் பெண், லீவு கேட்பதற்கும் பாத்ரூம் போவதற்கும் அந்த ஆளையே கெஞ்ச வேண்டும். எதற்கும் அவர் ஒருவரையே நம்பி நிற்க வேண்டிய இடத்தில் அவர் தப்பு செய்தால் யாரிடம் சொல்வது?

தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்று ஒரு சங்கம். தலித் பெண்கள் முன்நின்று நடத்துவது. இந்தச் சங்கம் விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் கூடச் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. துணி வாங்குகிற எச் அண்ட் எம், கேப், பிவிஎச் கம்பெனிகளும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு அதோடு சேர்ந்தன. இதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறார்கள்.

அதில் நமக்குப் பாடமாக இருப்பது இதுதான். இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், வேலை செய்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. நம் குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேருக்கு ஊக்குநரும் பிரதிநிதிகளும் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பு நடந்தால் பக்கத்து மெசினில் இருக்கிற அக்காவிடம் சொன்னால் போதும். சொன்னதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது. சூப்பர்வைசர்களுக்கும் மேனேஜர்களுக்கும் சேர்த்தே வகுப்பு. சாதியைச் சொல்லிப் பேசுவதும் வன்கொடுமைக் கணக்கில்தான் வரும். தொழிற்சாலை வாக்கு மீறினால், துணி வாங்குகிற கம்பெனி ஆர்டரில் கை வைக்கும். முதலாளிக்குப் புரிகிற மொழியில் எழுதிய ஒப்பந்தம்.

அந்த மொழி எவ்வளவு நன்றாகப் புரியும் என்பதும் அதே வருடம் தெரிந்தது. 2022 ஜூலையில், கட்டாய உழைப்பு என்ற புகாரின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்தத் தொழிற்சாலையின் சரக்கை நாட்டுக்குள் விடாமல் நிறுத்தியது. செப்டம்பரில் தடையை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் ஒப்பந்தப்படி நடந்த மாற்றங்கள் அதற்குக் கை கொடுத்தன. பெண்கள் சண்டை போட்டு வாங்கிய ஒப்பந்தம்தான் முதலாளியின் கப்பலையும் காப்பாற்றியது!

நம் பகுதியிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போகும் பிள்ளைகளின் வீட்டாருக்கு 2021 டிசம்பர் நினைவிருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருநூறு பேருக்கு மேல் விழுந்தார்கள், நூற்றைம்பதுக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை – பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை ஜனவரி வரை மூடிக் கிடந்தது. செல்போன் ஒரு கம்பெனியுடையது, செய்து தருவது இன்னொரு கம்பெனி, ஆள் எடுப்பதும் விடுதி நடத்துவதும் கான்ட்ராக்டர்கள். இத்தனை கை மாறும்போது சோற்றுக்கு யார் பொறுப்பு என்பது தொலைந்துபோகிறது. ஆகவே பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், சம்பளம் தருவது யார், ஆர்டர் யார் பெயரில் வரும், தங்குமிடம் யாருடையது என்று கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள்.

இது வரை மற்றவர்களைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றி. இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு நடந்தது. சம்பந்தப்பட்ட குழுவே "எழுதுங்க, பேரு மட்டும் போடாதீங்க" என்று சொன்னதால் எழுதுகிறோம்.

நம் கூட்டமைப்பில் ஒரு குழு கடலை மிட்டாய் போடுகிறது. நம் பக்கத்துக் கடலை, நல்ல வெல்லம், நல்ல பெயர். தீபாவளிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. எட்டு உறுப்பினர் கை போதாமல், குழுவில் இல்லாத நான்கு பெண்களைக் கூலிக்கு அழைத்தார்கள். உறுப்பினருக்கு நாள் கூலி 350, வெளி ஆளுக்கு 250. வேலை ஒன்றேதான். தோல் நீக்குவது, பாகு காய்ச்சுவது, தட்டில் கொட்டித் தேய்ப்பது, வில்லை போடுவது. கூலியும் அன்றன்றைக்கு இல்லை, "பார்ட்டி பணம் குடுத்ததும் தரோம்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது நாள் ராத்திரி அவசரத்தில் வெளி ஆளாக வந்த ஒரு பெண்ணின் கையில் கொதிக்கிற பாகு கொட்டிவிட்டது. வெல்லப் பாகு பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், தெரியுமில்லையா. பிரதிநிதி அன்றைக்குச் சொன்ன வார்த்தை: "பாத்து பண்ணக் கூடாதா? அவதான் அவசரப்பட்டா."

கூட்டத்தில் துணிக்கடை மேனேஜரைத் திட்டித் தீர்த்த பிறகு, அந்தப் பிரதிநிதி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் அந்த மேனேஜர் சொன்னதத்தானே சொல்லி இருக்கேன். ஆர்டர் தேதி தலைக்கு மேல நின்னுச்சி. வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல" என்றார். எங்களில் பலருக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அந்த வார்த்தை போகவில்லை.

குழு உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்தது. காயம் பட்ட பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவையும், வேலைக்கு வர முடியாத நாட்களின் கூலியையும் குழு நிதியிலிருந்து கொடுத்தார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி. சனிக்கிழமை சனிக்கிழமை கூலி கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. இரவு எட்டு மணிக்கு மேல் பாகு அடுப்பு எரியக் கூடாது. முதல் மூன்றும் நடக்கிறது. நான்காவது, பொங்கல் ஆர்டர் வந்தபோது ஒரு நாள் மீறப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கூலி கொடுத்ததில் லாபம் குறைந்தது. இரண்டு உறுப்பினர்களுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். "கடன் நம்ம பேர்ல, ரிஸ்க் நம்முது, அப்ப கூலியும் ஒண்ணா?" என்கிறார்கள். அவர்கள் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. கடனுக்கும் முதலுக்கும் உள்ள பங்கை லாபத்தில் எடுத்துக்கொள்ளலாம், கை உழைப்பின் கூலியில் வித்தியாசம் வைக்கக் கூடாது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பேச்சு இன்னும் முடியவில்லை.

கடைசியாக, கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சில செய்திகள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அதில் ஊதியத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையிலிருந்து நின்றாலோ நிறுத்தினாலோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும். ஒரே வேலைக்கு ஆண் ஒரு சம்பளம், பெண் ஒரு சம்பளம் என்று வைக்கக் கூடாது.

வேலை இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய சட்டம் 2013-ல் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம் இருக்க வேண்டும், அதற்குத் தலைமை ஒரு பெண். அதற்குக் குறைவான இடமோ, முதலாளி மேலேயே புகாரோ, வீட்டு வேலையோ என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுதித் தர உதவ வேண்டியது அந்தக் குழுவின் கடமை.

கூலி, வேலை நேரம், ஸ்டூல் பற்றிய புகார் என்றால் விழுப்புரத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பெண்கள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

தனியாகப் போகும் பெண்ணை, வேலை போய்விடும் என்று பயமுறுத்துவது சுலபம். அதனால் மனுவில் அவள் பெயரை முதலில் போட வேண்டியதில்லை. கூட்டமைப்பின் பெயரில், "எங்கள் பகுதிக் கடைகளில் உட்கார வசதி உள்ளதா என்று ஆய்வு செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டு மனு கொடுக்கலாம் என்று போன கூட்டத்தில் பேசினோம். மாதிரி மனு தயாராக இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

நம் குழுக் குடும்பங்களிலிருந்து கடைக்கும் கம்பெனிக்கும் போகிற பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் சம்பளச் சீட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று சம்பளத்தில் பிடிக்கிறார்களா? பிடித்ததைக் கட்டுகிறார்களா என்று யாராவது பார்த்தீர்களா?

நம் குழுத் தொழிலில் கூலிக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கிறோம்? அதை எந்த நோட்டில் எழுதுகிறோம்?

பதில்களை எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மனுவில் கையெழுத்து போட விரும்பும் குழுக்கள் முத்திரையையும் தீர்மான நோட்டையும் மறக்காமல் எடுத்து வரவும். துணிக்கடைக்குப் போகும் மகளும் அன்றைக்கு லீவு கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.